லாசப்பல் குறிப்புகள் – 17: ஈயமில்லாத காரீயம்

மக்களே, இந்த வாரம் பென்சிலைப் பத்தி. மரத்தைப் பத்தி இல்லை, நடுவுல இருக்கிற கறுப்பைப் பத்தி. சினிமா விமர்சனத்துக்குக் காத்திருந்தவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் கண்டிப்பா உண்டு :-)

மொதல்ல பேர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். சிவகங்கைப் பக்கம் பள்ளிக்கூடத்துல நாங்க அதை 'லெட்' என்போம். இலங்கைத் தமிழர்கள் 'காரீயம்' என்பார்கள். கரிய ஈயம், காரீயம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அது 'கறுப்பு ஈயம்'தான். லத்தீன் வழியாக வந்த 'ப்ளம்பேகோ'வுக்குள்ளும் ஈயம் ஒளிஞ்சிருக்கு. இங்கே பிரெஞ்சுக்காரர்கள் 'மீன் த ப்ளோம்' என்கிறார்கள். ப்ளோம் என்றால் ஈயம். இத்தனை மொழியும் பேசி வைத்த மாதிரி ஈயம் என்று சொல்ல, அதில் ஈயம் மருந்துக்குக்கூடக் கிடையாது. அது சுத்தக் கார்பன் என்று 1779இல் காட்டியவர் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே. பத்து வருஷம் கழித்து, 1789இல், 'எழுது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கிராஃபைட்' என்று பேர் வைத்தார் ஜெர்மானியர் வெர்னர். பேர் மாறியதே தவிர ஈயத்தை யாரும் நாக்கிலிருந்து இறக்கவில்லை.

அப்படி என்ன இருக்கு இந்தக் கறுப்பில்?

அப்பள அடுக்கை நினைச்சுக்குங்க. ஒவ்வொரு அப்பளமும் அறுகோண அறுகோணமாய்க் கார்பன் அணுக்கள் பின்னிய ஒரு தாள். தாளுக்குள்ளே பிணைப்பு மகா கெட்டி. ஆனால் தாளுக்கும் தாளுக்கும் நடுவே வெறும் ஒட்டுறவுதான். அதனால் மேல் அப்பளத்தை விரல் நுனியால் தள்ளிவிடலாம். காகிதத்தில் எழுதும்போது நடப்பது அதுதான். அடுக்கு அடுக்காய் வழுக்கிப் படிகிறது. எண்ணெய் போட முடியாத சூட்டில் மசகாகப் பயன்படுவதும் இதனால்தான். இன்னொரு விசேஷம்: கார்பனுக்கு வெளிச்சுற்றில் நாலு எலக்ட்ரான். மூணு பேர் பிணைப்பில் மாட்டிக்கொள்ள, நாலாவது ஆள் தாள் முழுக்கச் சுதந்திரமாய்ச் சுற்றுகிறார். ஆக, இது உலோகமே இல்லை, ஆனாலும் மின்சாரம் கடத்தும். அப்புறம், உருகுவது என்ற பேச்சே கிடையாது. காற்றுப்படாமல் வைத்தால் மூவாயிரம் டிகிரிக்கு மேலும் அசராது. வழுக்கும், கடத்தும், சூடு தாங்கும். இந்த மூன்று குணமும் ஒரே பொருளில் அமைவது அபூர்வம்.

இயற்கையில் இது மூன்று வகை. நுண்மண் மாதிரி இருப்பது ஒன்று, தரம் கம்மி. பாறைக்குள் மீன் செதில் மாதிரி விரவிக் கிடப்பது இரண்டாவது, செதில் கிராஃபைட். மூன்றாவதுதான் அபூர்வம்: பாறை வெடிப்புகளில் கார்பன் நிறைந்த திரவம் புகுந்து, படிந்து, கட்டி கட்டியாய் இறுகிய நரம்பு கிராஃபைட். இது வணிக அளவில் வெட்டி எடுக்கப்படுவது உலகத்திலேயே இலங்கையில்தான். கேகாலை மாவட்டத்து போகல, குருநாகல் மாவட்டத்து கஹட்டகஹ இரண்டும் பேர் பெற்ற சுரங்கங்கள். வெட்டி எடுக்கும்போதே 95 முதல் 99 சதவீதம் வரை கார்பன். கல்லை உடை, கையால் பொறுக்கு, மூட்டை கட்டு, முடிந்தது வேலை. பூமிக்கடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கும் போகல சுரங்கத்தில் மட்டங்களை இன்னும் பாகக் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஆமாம், நம்ம மீனவர்கள் கடல் ஆழம் சொல்லும் அதே பாகம், ஆறடி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டியிருந்த காலத்தில் தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர் மூன்றும் ஒரே முற்றத்தில் இருந்தவை. சுமார் 55 கோடி வருஷங்களுக்கு முன் அந்த முற்றமே சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்தது. அந்த வேக்காட்டில் பிறந்ததுதான் மடகாஸ்கர் செதிலும், இலங்கைக் கட்டியும், எங்க சிவகங்கைச் செதிலும். ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் சொத்துப் பிரித்ததில் இலங்கைக்குத்தான் லட்டு. எங்களுக்கு வந்தது பூந்தி. சிவகங்கைப் பாறையில் கார்பன் சராசரியாக 14 சதவீதம். மீதி எல்லாம் கல்லும் மண்ணும்.

சரி, லட்டு கிடைத்தவர் என்ன செய்தார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலோகம் உருக்கும் மூசைகளுக்கு (நம்ம பத்தர் பட்டறையில் இருக்குமே, அதன் பெரிய அண்ணன்) இலங்கைக் காரீயம்தான் ராஜா. லண்டனில் மோர்கன், அமெரிக்காவில் டிக்சன் என்று பெரிய மூசைக் கம்பெனிகள் இதை வைத்து வளர்ந்தன. முதல் உலகப்போரில் ஷெல் உறைகளுக்குப் பித்தளை உருக்க மூசை தேவைப்பட, 1916இல் இலங்கையின் ஏற்றுமதி 33,000 டன்னைத் தாண்டியது. இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அப்பா டான் ஸ்பேட்டர் சேனநாயக்க சொத்துச் சேர்த்தது காரீயத்தில்தான். கொழும்புக் கிட்டங்கிகளில் பெண்கள் உட்கார்ந்து கட்டி, துண்டு, தூள் என்று தரம் பிரித்துப் பீப்பாயில் அடைப்பார்கள். பீப்பாய் கப்பல் ஏறும். மூசை அங்கே தயாராகும். போர் முடிந்ததும் விலை சரிந்தது. மடகாஸ்கரிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் மலிவாகச் செதில் கிராஃபைட் கொண்டுவர, மூசைக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நடுவில் 1896இலேயே அமெரிக்காவில் ஏச்சசன், கரியை மின்உலையில் போட்டுச் செயற்கைக் கிராஃபைட் செய்ய வழி கண்டிருந்தார். 1971இல் இலங்கை அரசு சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. பிற்பாடு போகல தனியாருக்குப் போனது, கஹட்டகஹ அரசிடமே இருக்கிறது. இன்றைக்கு இலங்கையின் உற்பத்தி வருஷத்துக்குச் சில ஆயிரம் டன். உலக உற்பத்தி சுமார் பதினாறு லட்சம் டன். ஒரு சதவீதம்கூட இல்லை.

நான் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடை அண்ணையிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் யாழ்ப்பாணம், தொண்ணூறுகளில் இங்கே வந்தவர்.

"உது எங்கட பக்கத்துச் சாமான் இல்லைத் தம்பி. கேகாலைப் பக்கம். எங்களிட்டை இருந்தது சுண்ணாம்புக்கல், புல்மோட்டையிலை மணல்" என்றார்.

"உலகத்திலேயே உசத்தி அண்ணை" என்றேன்.

முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "உசத்தியெண்டு நீர் சொல்லுறீர். அதை வெட்டினவனுக்கு என்ன மிஞ்சினது? அதைச் சொல்லும்" என்றார்.

வகுப்பில் எந்தப் பேராசிரியரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. பில்லைக் கொடுத்துவிட்டு வந்தேன், கேள்வியை மட்டும் அங்கேயே விட்டுவர முடியவில்லை. பதில் தேடினால் அது பாரிஸிலேயே கிடக்கிறது.

லாசப்பலில் நம்ம கடைகள் இருக்கிற ஃபோபூர் சன் தெனி தெருவிலேயே தெற்கே நடையைக் கட்டினால், முக்கால் மணி நேரத்துக்குள் ஆர் ஏ மெத்தியே அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். பழைய மடாலயத்துக்குள் இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். அந்த நிறுவனம் 1794இல் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் அதைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் நிக்கோலா ஜாக் கோந்தே. பக்கத்தில் அவர் பேரில் சின்னதாய் ஒரு தெருவும் உண்டு. ஓவியர், பலூன் நிபுணர், வாயுச் சோதனை வெடித்ததில் ஒரு கண்ணை இழந்தவர், பிறகு நெப்போலியனோடு எகிப்துக்கும் போனவர். ஆள் ஒரு ஆல் இன் ஆல் அழகுராஜா.

அப்போது உலகத்தில் நல்ல பென்சில் என்றால் இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்துக் கிராஃபைட்தான். அங்கே கட்டி அவ்வளவு சுத்தம். வாளால் அறுத்துக் குச்சியாக்கி மரத்துக்குள் வைத்தால் பென்சில். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கும் அதுவே வேண்டும் என்பதால் ஆயுதம் தாங்கிய காவல். அங்கே திருடுகிறவனை நாடு கடத்தலாம் என்று 1752இல் தனிச் சட்டமே போட்டார்கள். 1793இல் பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. பிரான்ஸுக்குப் பென்சில் வரத்து நின்றது. வரைபடம் போடணும், கணக்குப் போடணும், ராணுவத்துக்கு அவசரம். லசார் கார்னோ கோந்தேயைக் கூப்பிட்டு மாற்று வழி கண்டுபிடிக்கச் சொன்னார்.

கோந்தே கையில் இருந்தது மட்டமான தூள் கிராஃபைட். அதைக் களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கி, சூளையில் சுட்டார். 1795இல் காப்புரிமை. இதில் அடித்தது ஜாக்பாட். களிமண் கூட்டினால் கடினப் பென்சில், குறைத்தால் மென்மைப் பென்சில். சுத்தக் கட்டியை அறுத்து எடுத்த இங்கிலீஷ்காரனுக்கு இந்த வசதி கிடையாது. பூமி கொடுத்த தரம்தான் அவன் தரம். ஆஸ்திரியாவில் ஹார்ட்மூத்தும் கிட்டத்தட்ட அதே காலத்தில் இதே வழியில் போனார். பாரோடேல் கட்டி பின்னாளில் தீர்ந்துபோனது. இன்றைக்கும் உலகத்துப் பிள்ளைகள் எழுதுவது களிமண் கலந்த பென்சிலில்தான்.

அதாவது, நல்ல சரக்கு வைத்திருந்தவர் அறுத்து விற்றார். மட்டமான சரக்கு வைத்திருந்தவர் யோசித்தார்.

ஒரு உதாரணத்தை வைத்துத் தத்துவம் பேசாதே என்பீர்கள். சரி, இன்னொன்று. கல்லோடு கலந்த கிராஃபைட்டை எப்படிப் பிரிப்பது? கிராஃபைட்டுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் ஆகும். பொடித்து, தண்ணீரில் கலக்கி, எண்ணெய் சேர்த்துக் குமிழ் விட்டால், குமிழைப் பிடித்துக்கொண்டு கிராஃபைட் நுரையோடு மேலே வரும். கல் அடியில் தங்கும். இதற்கு 1877இல் காப்புரிமை வாங்கியவர்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து பெசல் சகோதரர்கள். இன்றைக்குச் செம்பு, துத்தநாகம் என்று பாதி உலகத்துத் தாதுவைச் சுத்தம் செய்வது இந்த நுரை மிதப்பு வழியில்தான். இங்கேயும் அதே கதை: கல்லும் மண்ணுமாய்க் கிடைத்தவனுக்குத்தான் பிரிக்கிற தேவை. இன்னொன்றையும் கேளுங்க. உலகத்தின் சுத்தமான கிராஃபைட் கிடைக்கும் போகல சுரங்கக் கம்பெனியின் பெரும்பங்கு இப்போது யார் கையில்? பவேரியாவின் பசாவ் பக்கத்து கிராஃபிட் க்ராப்ஃப்முல் என்ற ஜெர்மன் கம்பெனி கையில். அண்ணையின் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன்? பாட்டரி.

உங்க செல்போனில் இருக்கும் லித்தியம் அயனி பாட்டரியில் லித்தியத்தைவிடக் கிராஃபைட் எடை அதிகம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் போய் உட்காரும் இடம் அந்த அப்பள அடுக்குதான், ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில். இப்படிப் போய் உட்காரவும் திரும்பி வரவும் வைக்கலாம் என்று 1980 வாக்கில் செய்து காட்டியவர் ரஷீத் யசாமி. மொராக்கோக்காரர், அப்போது பிரான்ஸின் கிரெனோபிளில் ஆராய்ச்சி மாணவர். (வெளிநாட்டில் படிக்க வந்து ரூமில் பருப்புக் குழம்பு கிளறும் சக மாணவர்களே, நம்பிக்கை இழக்காதீங்க :-)) ஒரு மின்சாரக் காருக்கு 50 முதல் 100 கிலோ வரை கிராஃபைட் வேண்டும். உலகத்து இயற்கைக் கிராஃபைட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தோண்டுவது சீனா. பாட்டரிக்கு ஏற்றபடி மாற்றுவதில் அவர்கள் பிடி இன்னும் இறுக்கம். 2023 டிசம்பரில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அதே 2023இல் இந்தியா வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலில் கிராஃபைட்டும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமே போட்டது. 1793இல் பாரிஸ் பதறியது போல இப்போது எல்லாத் தலைநகரங்களும் பதறுகின்றன.

உடனே "ஆஹா, இலங்கைக்கு லாட்டரி, சிவகங்கைக்கு லாட்டரி" என்று குதிக்கிறவர்களுக்கு ஒரு வாளி குளிர்ந்த தண்ணி.

இலங்கை நரம்பு கிராஃபைட் எவ்வளவு சுத்தமானாலும் அளவு கம்மி. ஆழத்தில் குறுகலான நரம்பைத் தேடி வெட்ட வேண்டும். லட்சக்கணக்கான டன் கேட்கும் பாட்டரிச் சந்தைக்கு அது கொசுறு. அதற்குப் பொருத்தம், கொஞ்சமாய் விற்று நிறைய விலை பெறும் சரக்குகள்: மோட்டார் கார்பன் பிரஷ், உலோகத்தூள் பாகங்கள், உயர்தர மசகு, அப்புறம் கிராஃபீன். அப்பள அடுக்கிலிருந்து ஒற்றை அப்பளத்தை உரித்தால் அதுதான் கிராஃபீன். 2004இல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பை வைத்து உரித்து, 2010இல் நோபல் வாங்கினார்கள். 2008இல் தொடங்கிய இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனம் நரம்பு கிராஃபைட்டிலிருந்து கிராஃபீன் எடுப்பதில் இறங்கியது, 2018இல் அதற்கெனக் கூட்டுக் கம்பெனியும் வந்தது. பீப்பாயில் அடைத்து அனுப்பிய காலத்தோடு ஒப்பிட்டால் இது சரியான திசை.

இப்போது எங்க ஊர். தமிழ்நாடு அரசின் டாமின் நிறுவனம் சிவகங்கையில் கிராஃபைட் தோண்டி, அங்கேயே நுரை மிதப்பு ஆலை வைத்து, 14 சதவீதத்தை 96 சதவீதமாக ஏற்றுகிறது. கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனால் பாட்டரிக்காரன் கேட்பது 99.95. நடுவில் இருக்கிற அந்த நாலு சதவீதத்தில்தான் காசு முழுக்க இருக்கு. செதிலை உருட்டி உருண்டையாக்க வேண்டும்; போட்டதில் பாதி தேறினாலே பெரிய விஷயம், மீதி தூசாய்ப் போகும். பிறகு சுத்தம் செய்ய உலகம் அதிகம் நம்புவது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை. எலும்பு வரை இறங்கும் விஷம் அது. எங்க ஊர் கண்மாயை நம்பி விதைக்கிற ஊர். ஒரு மழை பொய்த்தாலே ஊர் பாதி காலி. அந்த அமிலக் கழிவு ஒரு கண்மாயில் இறங்கினால், மின்சாரக் காரில் போகிறவர் மூச்சு விடும் சுத்தக் காற்றுக்கு எங்க அப்பத்தா ஊர் விலை கொடுக்கும். காஸ்டிக் சோடாவோடு வறுத்து எடுக்கும் வழி இருக்கு, 2,500 டிகிரிக்கு மேல் சூடாக்கும் வழியும் இருக்கு. முதலாவது உப்புக் கழிவு தரும், இரண்டாவது மின்சாரம் குடிக்கும். இன்றைய பாட்டரியில் செயற்கைக் கிராஃபைட்டின் பங்குதான் அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. போட்டி அதனோடும் இருக்கு.

அப்போ கையைக் கட்டிக்கொண்டு இருக்கணுமா? இல்லை. என் கணக்கு இப்படி.

ஒண்ணு: உருக்காலை உலைகளின் உள்பக்கம் பதிக்கும் மேக்னீசியா-கார்பன் செங்கலுக்கு வேண்டியது மேக்னசைட்டும் செதில் கிராஃபைட்டும். மேக்னசைட் சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் இருக்கு. செதில் சிவகங்கையில் இருக்கு. சேலத்துச் சரக்கில் சிலிக்கா தொந்தரவு உண்டு, அதைக் குறைக்கிற வேலை பாக்கி. இதுக்குப் பாட்டரித் தரம் தேவையில்லை.

ரெண்டு: சூடு காட்டினால் பொரி மாதிரி உப்பும் விரிவு கிராஃபைட். கேஸ்கெட், தீத்தடுப்புப் பட்டை எல்லாம் இதில்தான். பாட்டரியைவிடச் சின்னச் சந்தை, ஆனால் நம்ம அளவுக்கு ஏற்ற சந்தை.

மூணு: பாட்டரிக்கான சுத்திகரிப்பு. இதைச் செய்யலாம், ஆனால் அமிலமில்லா வழியை நம்ம ஆய்வகங்கள் நம்ம தாதுவுக்கென்றே தேடிப் பிடித்த பிறகு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1953இல் தொடங்கியது. சிவகங்கை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கு! சுரங்கமும் ஆய்வகமும் ஒரே மாவட்டத்தில் அமைவது எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

என் முதுகலை ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்க இன்னும் மூணு வாரம் இருக்கு. இங்கே ஆய்வகத்தில் ரெண்டு வாய்ப்பு. ஒண்ணு, செயற்கைக் கிராஃபைட் ஆனோட்; முடித்தால் ஐரோப்பாவில் வேலைக்கு வாய்ப்பு நல்லா இருக்கு. இன்னொண்ணு, தரம் குறைந்த தாதுவை அமிலம் குறைத்துச் சுத்தம் செய்வது. இதை முடித்தால் எங்கே வேலை என்று கேட்டால் மேற்பார்வையாளரே தோளைக் குலுக்குகிறார் (பிரெஞ்சுக்காரர் தோளைக் குலுக்கினால் அதில் ஒன்பது அர்த்தம்). அம்மாவிடம் போனில் சொன்னேன். "ரெண்டுல எதுக்குப்பா சம்பளம் வரும்?" என்றார். கடை அண்ணை கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான், வேறு வார்த்தையில்.

கோந்தே வழியில் போகணும் என்று மனசு சொல்லுது. கோந்தேக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் நின்னது என்று புத்தி சொல்லுது. சிவகங்கைப் பூந்திக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதுதான் நான் கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிஞ்சுக்க விரும்புவது.

தாது, உலை, ஆனோட் என்று இந்தத் துறையில் இருக்கிற வலைஞர்கள் யாராவது இருந்தால், பின்னூட்டத்தில் வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. கும்மி அடிக்கிறவர்களும் வரலாம், ஆனா மூணு வாரத்துக்குள்ள :-)

பி.கு: முருங்கைக்காய் கிலோ என்ன விலை என்று கேட்டு யாரும் தனிமடல் போட வேண்டாம். சொன்னால் ஊரில் இருக்கிறவர்களுக்கு மயக்கம் வரும்.